வழிமறிக்கும் வாய்கள்

"நில்லும்மா! யார் நீ? எந்த ஊர்? எந்தத் தெரு? யார் வீட்டுப் பெண்? எதற்காக இப்படி ஓடுகிறாய்?"

கோட்டை வாயிலிலே வேல் தாங்கி நின்ற காவலன் கேட்ட கேள்விகள் அல்ல இவை. எல்லைப்புறத்திலே துப்பாக்கி ஏந்தி நிற்கும் படைவீரன் கேட்டவையும் அல்ல. எங்கள் ஊர் ஏரிக்கரையிலே, கீழ்வானம் வெளுக்கும் வேளையிலே, தோளிலே துண்டும் கையிலே கைப்பேசியுமாகக் காற்று வாங்க வந்த கண்ணியவான்கள், பதினாறு வயதுப் பெண்ணொருத்தியை மறித்து நிறுத்திக் கேட்டவை!

அவள் எதையும் களவாடிக்கொண்டு ஓடவில்லை. கலகம் விளைவித்துவிட்டுத் தப்பி ஓடவில்லை. ஓட வேண்டும் என்பதற்காக ஓடினாள். நாள்தோறும் அரைமணி நேரம், ஏரிக்கரையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை, கை வீசி, கால் நீட்டி, மூச்சை அளந்து ஓடினாள். அது குற்றமாம். அதற்குத்தான் இத்தனை குறுக்கு விசாரணை.

அந்தப் பெண் நான் பணியாற்றும் பள்ளியிலே பதினோராம் வகுப்புப் படிப்பவள். தந்தை நெல் மூட்டை சுமக்கும் தொழிலாளி. தாய் கிடைத்த கூலிக்குக் களையெடுப்பவள். மாவட்டப் போட்டியிலே 1,500 மீட்டர் ஓட்டத்தில் பங்குபெற வேண்டும் என்பது அவள் ஆவல். உடற்கல்வி ஆசிரியர் நேரம் குறித்துக் கொடுத்தார். தந்தை ஒரு வாரக் கூலியை ஒதுக்கிக் காலணி வாங்கித் தந்தார். தாய் அதிகாலையிலே எழுப்பி அனுப்பினாள். வறுமை வழிவிட்டது, வீடு வழிவிட்டது, பள்ளியும் வழிவிட்டது. வழிவிடாதது எது? ஊர்வாய்!

முதல் நாள் ஒருவர் நிறுத்தினார். ஊர் பெயர் கேட்டார். மறுநாள் இருவர் நிறுத்தினர். தெருவின் பெயர் கேட்டனர். மூன்றாம் நாள் மோட்டார் சைக்கிளில் வந்த இளைஞன் ஒருவன், வண்டியின் வேகத்தைக் குறைத்து, அவளுக்கு இணையாகவே ஓட்டி வந்து, "எந்த ஸ்கூல்? என்ன பேர்?" என்று கேட்டுக்கொண்டே வந்தான். நான்காம் நாள் ஒரு பெரியவர், "பெண்பிள்ளை இப்படி ஓடினால் உடம்புக்கு ஆகாதம்மா" என்று மருத்துவம் பேசினார். பத்தாம் நாள் தேநீர்க்கடையிலே அவள் தந்தையிடம் யாரோ ஒருவர், "உன் மகளை ஏரிக்கரையிலே பார்த்தேன்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. பார்த்தேன் என்றார், அவ்வளவுதான். அந்த ஒரு சொல் போதாதா, நம் நாட்டிலே ஒரு பெண்ணை வீட்டுக்குள் தள்ள!

பதினோராம் நாள் அவள் வரவில்லை.

தடை விதித்தவர் யார் என்று தேடிப் பார்த்தேன். ஒருவரும் இல்லை. தடுத்தவர் யார் என்று எண்ணிப் பார்த்தேன். ஊரே இருந்தது.

"ஏனம்மா ஓட வருவதில்லை?" என்று பள்ளியிலே கேட்டேன். தலைகுனிந்து நின்றவள் மெல்லச் சொன்னாள்: "ஓடுறதுக்கு மூச்சு இருக்கு சார். பதில் சொல்றதுக்குத்தான் இல்லை."

நெஞ்சிலே அறைந்தாற்போல் இருந்தது. அதோடு விட்டாளா? சிறிது நேரம் கழித்து, தயங்கித் தயங்கி, இன்னொன்றும் சொன்னாள்: "நீங்களும் ஒருநாள் நிறுத்தினீங்க சார்."

ஆம், தோழர்களே! நானும் நிறுத்தினேன். ஓடி வந்தவளைக் கைகாட்டி நிறுத்தி, தமிழ்க் கட்டுரை எழுதி முடித்தாயிற்றா என்று கேட்டேன். பள்ளியிலே ஆறு மணி நேரம் அவளைக் காண்பவன், கரும்பலகைக்கு முன் நின்று கேட்க வேண்டியதை, ஏரிக்கரையிலே மூச்சிரைக்க வைத்துக் கேட்டேன். கேட்டுவிட்டு, மாணவர்மீது எனக்குத்தான் எத்துணை அக்கறை என்று என்னை நானே மெச்சிக்கொண்டும் போனேன். ஆகவே, இந்தக் கட்டுரையிலே நான் வழக்குரைஞன் மட்டும் அல்லன்; குற்றவாளிக் கூண்டிலே நிற்பவர்களில் ஒருவனுங்கூட. அந்த உரிமையோடுதான் உங்களையும் கூண்டுக்கு அழைக்கிறேன்.

"என்ன பெரிய குற்றம் கண்டுவிட்டாய்? நாலு வார்த்தை விசாரிப்பது நம்மவர் பண்பாடு அல்லவா? முகம் தெரியாதவரிடமும் முகம் மலர்ந்து பேசுவது தமிழர் இயல்பு அல்லவா?" என்று கேட்பார்கள்.

விசாரிப்பு! நல்ல சொல்தான். நோயுற்றவரின் படுக்கையருகே அமர்ந்து நலம் கேட்பதும் விசாரிப்புத்தான். காவல் நிலையத்திலே கைகட்டி நிற்பவனைப் பார்த்துக் கேட்பதும் விசாரணைதான். சொல் ஒன்றாக இருப்பதாலே செயலும் ஒன்றாகிவிடுமா? நலம் விசாரிப்பவன், பதில் வராவிட்டால் வருந்துவான். குற்றம் விசாரிப்பவன், பதில் வராவிட்டால் சீறுவான். நம் ஏரிக்கரைக் கண்ணியவான்கள் எந்த வகை? சோதித்துப் பார்ப்பது எளிது. அந்தப் பெண் ஒருநாள் நிற்காமல், ஒரு தலையசைப்போடு ஓடிவிட்டாள். "என்ன திமிர் பார்த்தாயா!" என்றார்கள். அன்பு அப்படிப் பேசாது, தோழர்களே! அதிகாரந்தான் அப்படிப் பேசும்.

இன்னொரு சோதனையும் உண்டு. இதே ஏரிக்கரையிலே ஊரின் பெரிய நிலக்காரர் நடக்கிறார். உயரமான நாயொன்று முன்னே இழுக்க, கைத்தடி ஊன்றிப் பின்னே நடக்கிறார். அவரை யாரேனும் மறித்து, "ஐயா நில்லுங்கள், எந்தத் தெரு?" என்று கேட்டதுண்டா? காவல்துறை அதிகாரி ஒருவர் காலையிலே ஓடுகிறார். "இப்படி ஓடினால் உடம்புக்கு ஆகாது, சார்" என்று எவராவது அவருக்கு அறிவுரை கூறியதுண்டா? ஒதுங்கி நிற்கிறார்கள். வணக்கம் வைக்கிறார்கள். அவர் வணக்கத்தைக் கவனிக்காமல் போனாலும், "பாவம், என்ன யோசனையோ!" என்று அவருக்காக இரங்கவும் செய்கிறார்கள்.

எங்கே போயிற்று அந்தப் பண்பாடு? முகம் மலர்ந்து விசாரிக்கும் தமிழர் இயல்பு, நாயைக் கண்டதும் ஓடிவிட்டதா? காக்கிச் சட்டையைக் கண்டதும் கரைந்துவிட்டதா? இல்லை. அப்படி ஒரு பண்பாடு அங்கே இருந்ததே இல்லை. இருந்தது ஒரு கணக்கு. யாரை நிறுத்தலாம், யாரை நிறுத்தக்கூடாது என்ற கணக்கு. பெண்ணை நிறுத்தலாம். ஏழையை நிறுத்தலாம். சேரிப் பையனை நிறுத்தலாம். புதிதாகக் குடிவந்தவனை நிறுத்தலாம். தன்னைவிடத் தாழ்ந்தவர் என்று தான் தீர்மானித்துக்கொண்ட எவரையும் நிறுத்தலாம். அவர்களுடைய நேரம் நேரமல்ல. அவர்களுடைய மூச்சு மூச்சல்ல!

"எந்தத் தெரு?" என்ற கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள். அஞ்சல்காரன் கேட்டால் அது முகவரி. ஏரிக்கரையிலே முன்பின் அறியாதவன் கேட்டால் அது என்ன? நம் ஊர்களிலே தெருவின் பெயரைச் சொன்னால் சாதியின் பெயரைச் சொன்னதாகும் என்பதை அறியாதவர் யார்? சாதியை நேரடியாகக் கேட்க நாக்குக் கூசுகிறது, சட்டம் அச்சுறுத்துகிறது. ஆகவே தெருவைக் கேட்கிறார்கள். "யார் வீட்டுப் பிள்ளை?" என்று கேட்கிறார்கள். "அப்பா என்ன செய்கிறார்?" என்று கேட்கிறார்கள். மூன்று கேள்வி, மூன்றுக்கும் உள்ளே ஒரே கேள்வி! காலை நடையிலே கலந்துவரும் இந்தக் கமுக்கமான கணக்கெடுப்புக்குத்தான் நாம் கனிவு என்று பெயர் சூட்டியிருக்கிறோம்.

பாதை யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி இந்த நாட்டுக்குப் புதிதல்ல. 1924ஆம் ஆண்டு வைக்கத்திலே, கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களிலே மனிதர் நடக்கும் உரிமைக்காகப் போராட்டம் மூண்டது. ஈரோட்டிலிருந்து பெரியார் சென்று அதிலே பங்கேற்றார், சிறைப்பட்டார். ஆண்டு ஒன்றுக்கு மேல் நீண்ட போராட்டம் அது. நடப்பதற்கு! வெறுமனே, காலெடுத்து வைத்து, ஒரு பொதுத்தெருவிலே நடப்பதற்கு! பிறகு 1950ஆம் ஆண்டு ஜனவரி 26ஆம் நாள் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டம், தன் 15ஆம் பிரிவிலே, சாதி, மதம், இனம், பால், பிறப்பிடம் ஆகியவற்றைக் காட்டிக் கிணறுகளையும் குளங்களையும் சாலைகளையும் பொது இடங்களையும் எவருக்கும் மறுக்கலாகாது என்று எழுதிவைத்தது. சாதி என்ற சொல்லுக்கு அருகிலேயே பால் என்ற சொல்லும் அதிலே இருக்கிறது என்பதை ஏரிக்கரைக் கண்ணியவான்கள் நினைவிலே கொள்வார்களாக.

ஆனால் சட்டம் கதவைத் திறக்கும். கதவருகே நின்று கேள்வி கேட்பவனை அது என்ன செய்யும்? பாதையிலே பலகை நட்டுத் தடுத்த காலம் போய்விட்டது. இப்போது பேச்சாலே தடுக்கிறார்கள். பலகையைப் பிடுங்கி எறியலாம். பேச்சை எதனாலே பிடுங்குவது?

நம் நாட்டுக்கு மட்டும் உரிய நோய் என்று எண்ணிவிட வேண்டாம். அமெரிக்க நாட்டிலே, பாஸ்டன் நகரிலே, ஆண்டுதோறும் நெடுந்தொலைவு ஓட்டப்போட்டி நடைபெறும். 42 கிலோமீட்டருக்கும் சற்று அதிகமான மாரத்தான் ஓட்டம். 1966ஆம் ஆண்டு பாபி கிப் என்ற பெண், தொடங்குமிடத்துக்கு அருகே புதரிலே மறைந்திருந்து, கூட்டத்தோடு கலந்து, பதிவு எண் இல்லாமலே ஓடி முடித்தார். மறு ஆண்டு, 1967 ஏப்ரலிலே, கேத்தரின் சுவிட்சர் என்ற இருபது வயது மாணவி, பெயரின் முன்னெழுத்துகளை மட்டும் எழுதிப் பதிவு செய்துகொண்டு, 261 என்ற எண்ணை அணிந்து ஓடினார். ஓட்டத்தின் நடுவிலே, போட்டியை நடத்தியவர்களில் ஒருவர் அவர்மீது பாய்ந்தார். "வெளியே போ" என்று கத்தி, மார்பிலே குத்தியிருந்த எண்ணைப் பிய்த்தெறிய முயன்றார். உடன் ஓடிய நண்பர் அவரைத் தள்ளிவிட்டார். சுவிட்சர் ஓடி முடித்தார். படம் பிடித்தவர்கள் அங்கே இருந்ததாலே உலகமே அந்தக் காட்சியைக் கண்டது. பாய்ந்தவர் கொடியவனா? இல்லை, விதியைக் காப்பாற்றுவதாக எண்ணிக்கொண்ட ஒரு பெரியவர். எண்ணிப் பாருங்கள், எத்தனை கேடுகளை "காப்பாற்றுகிறேன்" என்ற சொல் தன் முதுகிலே சுமந்து திரிகிறது!

பாஸ்டனிலே பெண்கள் முறைப்படி ஓட இடம் கிடைத்தது 1972ஆம் ஆண்டு. ஒலிம்பிக் பந்தயத்திலே பெண்களுக்கு மாரத்தான் வந்தது 1984ஆம் ஆண்டு. அதற்கு வெகு முன்னர், 1928ஆம் ஆண்டு ஆம்ஸ்டர்டாமிலே பெண்கள் 800 மீட்டர் ஓடினார்கள். ஓடியவர்கள் களைத்து விழுந்துவிட்டார்கள் என்று ஏடுகள் மிகைப்படுத்தி எழுதின; பெண்ணுடல் தாங்காது என்று பெரியவர்கள் தீர்ப்பளித்தார்கள். 1960ஆம் ஆண்டுவரை ஒலிம்பிக்கிலே அந்த ஓட்டம் பெண்களுக்கு இல்லாமற் போயிற்று. எங்கள் மாணவி ஓட விரும்பும் 1,500 மீட்டர் ஓட்டம் ஆண்களுக்கு 1896 முதலே உண்டு. பெண்களுக்கு வந்ததோ 1972இலே. எழுபத்தாறு ஆண்டு இடைவெளி! "பெண்பிள்ளை ஓடினால் உடம்புக்கு ஆகாது" என்ற எங்கள் ஊர்ப் பெரியவரின் மருத்துவம், ஆம்ஸ்டர்டாமிலே அழுகிப்போன அதே சரக்கு. உலகம் குப்பையிலே கொட்டியதை நாம் கூடையிலே ஏந்தி வருகிறோம்.

இன்னும் இருண்ட நிகழ்ச்சி ஒன்றுண்டு. 2020ஆம் ஆண்டு பிப்ரவரி 23ஆம் நாள், அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்திலே, அகமத் ஆர்பெரி என்ற இருபத்தைந்து வயதுக் கறுப்பின இளைஞர், பட்டப்பகலிலே, வெள்ளையர் வாழும் குடியிருப்பொன்றின் தெருவிலே ஓடிக்கொண்டிருந்தார். தந்தையும் மகனுமான இரு வெள்ளையர், துப்பாக்கிகளோடு வண்டியேறித் துரத்தினர். மூன்றாமவன் இன்னொரு வண்டியிலே தொடர்ந்தான். "நில், உன்னோடு பேச வேண்டும்" என்றார்கள். அவர் கையிலே ஆயுதம் இல்லை, களவுப்பொருள் இல்லை. நிற்கவில்லை. சுட்டுக் கொன்றார்கள். அந்தக் காட்சியின் படம் மே மாதத்திலே வெளியே வரும்வரை ஒருவரும் கைது செய்யப்படவில்லை. 2021 நவம்பரிலே மூவரும் கொலைக் குற்றவாளிகள் என்று தீர்ப்பாயிற்று. மறு ஆண்டு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. குடிமகன் எவனும் மற்றவனைப் பிடித்து நிறுத்தலாம் என்று 1863 முதல் அந்த மாநிலத்திலே இருந்துவந்த சட்டம் 2021ஆம் ஆண்டு நீக்கப்பட்டது. நிறுத்தும் உரிமை தனக்குண்டு என்று தெருவிலே நிற்பவன் எண்ணிக்கொள்வதற்குச் சட்டமே துணைநின்ற கதை அது.

ஏரிக்கரையிலே கேட்கும் கேள்வி எல்லாம் கொலையிலே முடியும் என்று நான் கூறவில்லை. அப்படிக் கூறுவது மிகை. ஆனால் ஒன்றைக் கூறுவேன். "நீ இங்கே ஓடுவதற்கு எனக்குக் காரணம் சொல்லியாக வேண்டும்" என்ற எண்ணந்தான் அங்கே துப்பாக்கி ஏந்தியது. இங்கே துண்டு போட்டுக்கொண்டு நிற்கிறது. மரம் வேறு, வளர்ந்த அளவு வேறு. விதை ஒன்றே.

இனி உடலைப் பற்றியும் சிறிது பார்ப்போம். பகுத்தறிவாளர் உடலை மறந்து பேசலாகாது. வேகமாக ஓடும்போது இதயம் விரைந்து அடித்துக் கால்களுக்குக் குருதியை அனுப்புகிறது. அந்தக் குருதியை மீண்டும் மேலே தள்ள, சுருங்கி விரியும் கால் தசைகள் துணைசெய்கின்றன. ஓடுபவரைச் சட்டென்று நிறுத்தினால், தசைகளின் துணையும் சட்டென்று நின்றுவிடும். குருதி கால்களிலே தேங்கும், தலை கிறுகிறுக்கும், சிலர் மயங்கியும் விழுவர். ஓடி முடித்தவர் உடனே நிற்காமல் மெல்ல நடந்து தணிய வேண்டும் என்று பயிற்சியாளர்கள் கூறுவது இதனாலேதான். ஆகவே "ஒரு நிமிடந்தானே நிறுத்தினேன்" என்று சொல்வதிலே பொருளில்லை. அந்த ஒரு நிமிடத்திலே அவர் அரும்பாடுபட்டு எட்டிய மூச்சின் ஒழுங்கு குலைகிறது. பயிற்சியின் கணக்கு கெடுகிறது. வளரும் பிள்ளைகள் நாளொன்றுக்கு 60 நிமிடமாவது உடலை நன்கு இயக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் வலியுறுத்துகிறது. பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 நிமிடமேனும் வேண்டும் என்கிறது. இந்திய நாட்டிலே பத்துக் கோடிப் பேருக்கு நீரிழிவு என்று 2023ஆம் ஆண்டு வெளியான ஆய்வு அறிவித்தது. நடங்கள், ஓடுங்கள் என்று மருத்துவர் கெஞ்சுகிறார். நில், யார் நீ என்று ஊர் மிரட்டுகிறது. எங்கே உருப்படும் உடல்நலம்?

சென்னைக் கடற்கரையிலே உழைப்பாளர் சிலை நிற்கிறது. 1959ஆம் ஆண்டு நிறுவப்பட்டது. நால்வர், நரம்பு புடைக்க, பெரும்பாறை ஒன்றைப் புரட்டுகிறார்கள். அவர்களுக்கு உயிர் வந்து, பாறை அசையத் தொடங்கும் அந்தக் கணத்திலே, ஒருவன் அருகே சென்று, "ஏனப்பா, எந்த ஊர்? கலியாணம் ஆகிவிட்டதா?" என்று கேட்டால், அவனை என்னவென்று சொல்வோம்? சிலையின் அருகே அதே சாலையிலே, தன் உடலென்னும் பாறையைப் புரட்டிக்கொண்டு ஒருத்தி ஓடுகிறாள். அவளிடம் மட்டும் அதைக் கேட்கலாமோ? உடற்பயிற்சியும் உழைப்பே. உழைப்பவரை இடைமறிக்காதிருப்பதே உழைப்புக்குத் தரும் முதல் மரியாதை.

"அப்படியானால் எவரும் எவரோடும் பேசக்கூடாதா? ஊர் ஊமையாகிவிட வேண்டுமா? நாங்கள் பெண்களின் பாதுகாப்புக்காக அன்றோ கேட்கிறோம்?" என்று சிலர் சினக்கக்கூடும்.

பாதுகாப்பிலே அக்கறை உண்டா? மிக்க மகிழ்ச்சி. ஏரிக்கரையிலே விளக்கு எரியவில்லை. ஊராட்சிக்கு ஒரு விண்ணப்பம் எழுதுங்கள். பாதையிலே கண்ணாடிச் சில்லு கிடக்கிறது, குனிந்து பொறுக்குங்கள். முனையிலே நின்று குடிப்பவர்கள் உண்டு, அவர்களைப் போய்க் கேளுங்கள், "யார் நீ, எந்தத் தெரு?" என்று! கேட்பீர்களா? கேட்கமாட்டீர்கள். அவன் திருப்பிக் கேட்பான். திருப்பிக் கேட்க முடியாதவரிடம் மட்டும் கேட்பது பாதுகாப்பு அல்ல. அந்தப் பெண் அஞ்சுவது உங்களுடைய பாதுகாப்பைக் கண்டுதான்.

இடைமறிக்க வேண்டிய வேளைகளும் உண்டு. மறுக்கவில்லை. முன்னே பாம்பு கிடக்கிறது, மின்கம்பி அறுந்து தொங்குகிறது, வெறிநாய் திரிகிறது என்றால், கத்தி நிறுத்துங்கள், அது கடமை. ஓடுபவர் தள்ளாடினால், நெஞ்சைப் பிடித்துக்கொண்டால், ஓடிச் சென்று தாங்குங்கள், அது மனிதம். உங்களுக்கே ஆபத்து என்றால் தயங்காமல் கூவி அழையுங்கள். வழி தவறி, கேட்பதற்கு வேறு ஆளே இல்லாமல் நின்றால், கேளுங்கள். ஆனால் கேட்கும் முறை ஒன்றுண்டு. பின்னாலிருந்து தோளைத் தொடாதீர்கள். காதிலே இயர்போன் இருந்தால் நீங்கள் வருவது அவருக்குத் தெரியாது, அதிர்ந்துபோவார். குறுக்கே நின்று வழியை அடைக்காதீர்கள். வண்டியிலே இணையாக வந்து நெருக்காதீர்கள். தொலைவிலேயே கண்ணிலே படுமாறு ஓரமாக நின்று, கையை உயர்த்தி, வேண்டியதை ஒரே வாக்கியத்திலே கேளுங்கள். விடை வந்தால் நன்றி கூறுங்கள். வராவிட்டால் விட்டுவிடுங்கள். நிற்காமல் போகும் உரிமை அவருக்கு உண்டு. நிறுத்தும் உரிமை உங்களுக்கு இல்லை. புகழ்வதற்காக நிறுத்துவதும் நிறுத்துவதுதான். மெய்யாகவே புகழத் தோன்றினால், ஒதுங்கி நின்று ஒரு புன்னகை போதும். அது ஓடுபவரின் கூடவே ஓடும்.

ஓடுபவருக்கும் கடமை உண்டு. முதியவரை இடித்துத் தள்ளிக்கொண்டு ஓடலாகாது. நால்வர் கைகோத்துப் பாதையை அடைக்கலாகாது. விழுந்து கிடப்பவரைக் கண்டும் தாண்டிப் போகலாகாது. பாதை இருவர்க்கும் பொது. பொதுமை என்றாலே ஒருவர்க்கொருவர் இடம் விடுவதுதான்.

இறுதியாக, என் வயதொத்த இளைஞர்களே, உங்களிடம் ஒரு சொல். ஏரிக்கரைப் பெரியவர்களைச் சாடிவிட்டால் கைதட்டுவீர்கள் என்று எனக்குத் தெரியும். ஆனால் அன்று மோட்டார் சைக்கிளிலே இணையாக வந்தவன் பெரியவன் அல்லன், நம் வயதுக்காரன். மாலையிலே மன்றத்தில் பெண்ணுரிமை பற்றிப் பேசுகிறோம். மேசையைத் தட்டிப் பேசுகிறோம். காலையிலே ஒரு பெண் தனியாக ஓடினால், அவளோடு நாலு வார்த்தை பேசிவிட வேண்டும் என்று நம் நாக்கு ஏன் நமைக்கிறது? அவள் புன்னகைக்கவில்லை என்றால் நம் முகம் ஏன் கறுக்கிறது? மூடநம்பிக்கை என்றால் பூனை குறுக்கே போவதைப் பார்த்துத் திரும்புவது மட்டுந்தானா? வெளியிலே வந்த பெண் எல்லாம் நாம் பேசுவதற்காகவே வந்தாள் என்று நம்புவது அதைவிடப் பெரிய மூடநம்பிக்கை அல்லவா? பூனை குறுக்கே போனால் திரும்புகிறவனைப் பார்த்துச் சிரிக்கிறோமே, அவள் வழியிலே குறுக்கே போகும் பூனைகள் நாமல்லவா!

அந்தப் பெண்ணின் தந்தையைக் கண்டு பேசினேன். நல்ல மனிதர். "ஓட வேண்டாம்னு நான் சொல்லலீங்க. ஊர் சொல்லுது" என்றார். ஆகவே ஓர் ஏற்பாடு செய்தோம். இப்போது அவள் பள்ளித் திடலிலே ஓடுகிறாள். ஒரு சுற்று 200 மீட்டர். 1,500 மீட்டருக்கு ஏழரைச் சுற்று. நாற்புறமும் மதிற்சுவர். திரும்பித் திரும்பி, அதே மூலை, அதே வேப்பமரம், அதே குழாயடி. நேராக ஓடப் பழக வேண்டிய கால்கள் வளைந்து வளைந்து ஓடுகின்றன. சுவருக்கு அப்பால், கூப்பிடு தொலைவிலே, ஏரிக்கரை நீண்டு கிடக்கிறது. அவள் தந்தையும் தாயும் வரி செலுத்திய பணத்திலே மண் கொட்டி மேடாக்கிய கரை.

ஏற்பாடு செய்தவன் நான். வெற்றி என்று அதைக் கூற எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஊரை மாற்ற முடியாமல் அவளை மாற்றினேன். பாதையைத் திறக்க முடியாமல் கதவைச் சாத்தினேன்.

அந்தச் சுவருக்குள்ளிருந்து அவளை வெளியே கொணர என்ன வேண்டும்? போராட்டம் வேண்டாம், ஊர்வலம் வேண்டாம், சுவரை இடிக்கக் கடப்பாரையும் வேண்டாம். நாளைக் காலை அவள் ஏரிக்கரைக்கு வருவாளாயின், அரைமணி நேரம், நாமெல்லாரும் வாயை மூடிக்கொண்டு ஓரமாக நடந்தால் போதும்.

அத்துணை எளிய புரட்சி அது. அதைக்கூடச் செய்யமாட்டோமா, தோழர்களே?